பிரெஞ்சுப் பிரதி வரவில்லை

கூட்டத்தில் பேசப் போகிறார் என்றால் அர்மாண் ஷஸ்தேல் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போடுவார். அவருக்கு முன்னால் ஆங்கிலப் பிரதி கிடக்கும். சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்துவதுபோல் அதை ஒரு விரலால் தள்ளிவைப்பார். பிறகு, யார் மேலும் கோபமில்லாத ஒரு குரலில் சொல்வார்: "அவைத் தலைவர் அவர்களே, என் முன்னால் ஆவணம் எதுவும் இல்லை."

கூட்டம் அத்தோடு நின்றுவிடும். எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் காப்பி குடிக்கப் போவார்கள். மொழிபெயர்ப்புப் பிரிவில் இருக்கும் நாங்கள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருவோம்.

ஜெனீவாவில் இருக்கிறது எங்கள் சர்வதேசக் கணவாய் அலுவலகம். மலைக் கணவாயில் பனி விழுந்து பாதை அடைபட்டால், எந்த நாடு எந்த நாட்டுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இதன் வேலை. பனி எங்களைக் கேட்டுவிட்டு விழுவதில்லை. அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. மலையே இல்லாத சில நாடுகளும் இதில் உறுப்பினர்கள். கூட்டங்களில் அதிகம் பேசுவது அவைதான்.

ஷஸ்தேல் லிமோஜ் நகரத்துக்காரர். அப்பா தபால் நிலைய அதிகாரி. மகன் பாரிஸில் பெரிய நிர்வாகக் கல்லூரிக்குப் போனான் என்பது அந்தத் தெருவுக்கே பெருமை. அங்கே தேர்வுப் பட்டியலில் முதலில் வருகிறவர்கள் நிதித்துறைக்குப் போவார்கள், அடுத்தவர்கள் நல்ல தலைநகரங்களுக்குப் போவார்கள். வாலில் வருகிறவர்களுக்கு உலக சமாதானம் கிடைக்கும். ஷஸ்தேலுக்கு அதுதான் கிடைத்தது. "சர்வதேசப் பொதுச்சேவையை நானாகத் தேர்ந்தெடுத்தேன்" என்று எல்லா விருந்துகளிலும் சொல்வார். விருந்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அதற்காகத்தான் விருந்து.

முதலில் பிரேமன் துறைமுகத்தில் துணைத் தூதராகக் கடவுச்சீட்டுகளில் முத்திரை குத்தினார். அப்புறம் எங்கள் அலுவலகத்துக்குப் பிரான்சின் பிரதிநிதியாக, தற்காலிகமாக, அனுப்பினார்கள். தற்காலிகமாக வந்தவர்களுக்கெல்லாம் ஜெனீவாவில் தலை நரைத்துவிடும். அவருக்கும் நரைத்தது. அழகாகவே நரைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு விளக்கு. பனி அள்ளும் வண்டியின் உச்சியில் எரியும் விளக்கு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். நிறத்தைப் பற்றிய ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு மொழிகள், இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று அமைப்பு விதி சொல்கிறது. ஷஸ்தேல் எழுந்து, தன் மேலங்கியை மாட்டி, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வெளியே போகவில்லை. சூடான மண்டபத்தில், கம்பளி மேலங்கியோடு, வியர்க்க வியர்க்க மாலை வரை அப்படியே இருந்தார். மறுநாள் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் மூன்று வரி வந்தது. அடுத்த ஆண்டு அரசாங்கம் அவருக்குக் கௌரவ விருதின் சிவப்பு நாடாவைக் கொடுத்தது. அன்றிலிருந்து அவருடைய எல்லாக் கோட்டிலும் அந்த நாடா உண்டு. இரவு உடையிலும் உண்டு என்பது எங்கள் பிரிவுத் தலைவி மதாம் பிரஸ்ஸோவின் கணிப்பு. விசாரித்து உறுதி செய்ய முடியவில்லை.

விளக்கின் நிறம் இன்னும் முடிவாகவில்லை.

பிறகு பிரான்சுக்கென்று வழக்கமாக ஒதுக்கப்படும் துணைச் செயலர் பதவிக்கு வந்தார். அந்தப் பதவிக்கு வருகிறவர் எந்த அரசாங்கத்திடமிருந்தும் உத்தரவு வாங்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுத்தார், காப்பாற்றவும் செய்தார். பாரிஸிடமிருந்து அவர் உத்தரவு வாங்கியதே இல்லை. கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் இருக்கும் பிரெஞ்சுத் தூதுக் குழுவுக்குப் புதிதாக இளம் அதிகாரி யார் வந்தாலும், முதல் வாரமே ஷஸ்தேல் மதிய உணவுக்குக் கூப்பிடுவார். ஏரி மீன் வறுவல், வெள்ளை ஒயின், பாடம் ஒன்று. பாடம் இதுதான்: ஆங்கிலப் பிரதியைப் படிக்காதே. கூடவே பிரெஞ்சுப் பிரதி இருக்கிறதா என்று மட்டும் பார். இல்லையென்றால் ஆட்சேபித்து எழுது. படித்துவிட்டால் உனக்கு விஷயம் புரிந்துவிடும், புரிந்த பிறகு ஆட்சேபிக்கக் கூச்சமாக இருக்கும். கடைசியாக இந்தப் பாடத்தைக் கேட்டவள் ஓரியான் என்ற பெண். மீனைக்கூடச் சாப்பிடாமல் குறிப்பெடுத்தாள் என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் பிரிவுக்கு வேறொரு விதி வைத்திருந்தார். பிரெஞ்சில் எது வெளியே போவதானாலும் அதில் அவருடைய சுருக்கொப்பம் வேண்டும். நாங்கள் மொழிபெயர்த்து மேலே அனுப்புவோம், சிவப்புப் பென்சிலால் பழுத்துத் திரும்பி வரும். 'பனிச்சரிவு அபாயம்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். 'பனியின் போக்கு குறித்துக் கவனத்துக்குரிய சூழல்' என்று திருத்தினார். லாரி ஓட்டுகிறவன் அதை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் பனி அவன் மேல் இருக்கும். ஆனால் வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருடைய சிக்கல், எங்களுடையதும். அவருக்கு மொழி தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தலைமைச் செயலராக இருந்த பெல்ஜியக்காரர் முதுகுவலி என்று விலகினார். நாற்காலி காலியானது.

ஷஸ்தேலுக்கு அது ஒன்றுதான் பாக்கி. இலையுதிர் காலம் வந்தால் ஓய்வு வயது. அதற்குள் அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் விதிப்படி ஐந்தாண்டு நீட்டிப்பு. உட்காராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். தலைமைச் செயலருக்கு ஏரியைப் பார்த்த வீடு உண்டு. மதாம் ஷஸ்தேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு போய் ஜன்னல்களை அளந்துவிட்டு வந்தார். திரைச்சீலைத் துணி பச்சையா பழுப்பா என்று எங்கள் வரவேற்பறைப் பெண்ணிடம்கூடக் கேட்டிருக்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் பெரிய முடிவுகளை யாரும் பேசி எடுப்பதில்லை. பேசாமல் எடுப்பார்கள். அவைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்புவார்: இன்ன கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எந்த நாடும் ஆட்சேபித்து எழுதாவிட்டால் இது ஏற்கப்பட்டதாகும். இதற்கு மௌன நடைமுறை என்று பெயர். ஒரே ஒரு நாடு எழுதினாலும் மௌனம் உடைந்தது. அடுத்த பேரவைக்குத்தான் போக வேண்டும். அடுத்த பேரவை நவம்பரில், ஷஸ்தேலின் ஓய்வுக்குப் பிறகு.

அவைத் தலைவர் ஹால்வோர்சன் நார்வேக்காரர், குறைவாகப் பேசுகிறவர். ஷஸ்தேலின் பெயரைச் சுற்றுக்கு விட முடிவு செய்தார். கெடு வெள்ளிக்கிழமை பகல். எல்லா நாடுகளோடும் ஏற்கெனவே தனியாகப் பேசியாயிற்று, யாருக்கும் மறுப்பில்லை. பாரிஸுக்கும் அவர்களுடைய தூதருக்கும் சந்தோஷம். ஆள் தேர்வு ரகசியம் என்பதால் தூதர் தன் அலுவலகத்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆங்கிலச் சுற்றறிக்கை திங்கள் காலையே தயார். நாங்கள் அதைப் பிரெஞ்சில் பெயர்த்தோம், அரைப் பக்கம்தான். மதாம் பிரஸ்ஸோ அதை எடுத்துக்கொண்டு மேலே போனார். வேறொரு கோப்போடு நானும் பின்னால் போயிருந்தேன். ஷஸ்தேல் தலைப்பைப் பார்த்ததும் உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"மதாம், இதை எடுத்துட்டுப் போங்க. இது என்னைப் பத்தினது."

"தெரியும் மொசியே. சுருக்கொப்பம் போட்டீங்கன்னா அனுப்பிடுவேன்."

"என் நியமனத்துல நானே ஒப்பம் போடறதா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அப்ப யாரு போடறது?"

அவர் கையை எடுக்காமலே யோசித்தார். "விதி தெளிவா இருக்கு. நான்தான் போடணும்."

"சரி. போடுங்க."

"நான் போட முடியாது."

புகைபிடிக்க ஆசை வந்தால் பிரஸ்ஸோவுக்கு வலது கைக் கட்டைவிரல் ஆடும். அது ஆடியது. இந்த ஒரு தடவை ஒப்பமில்லாமல் அனுப்பட்டுமா என்று கேட்டார். அப்படி ஒன்று நடந்தால் பிரெஞ்சுப் பிரிவு என்று ஒன்று இருப்பதற்கே அர்த்தமில்லை என்று ஷஸ்தேல் சொல்லிவிட்டார். காகிதம் எங்கள் அறைக்குத் திரும்பி வந்து அலமாரிமேல் படுத்துக்கொண்டது. ஹால்வோர்சன் கேட்டதற்குப் பிரெஞ்சுப் பிரதி உரிய பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். அவர் ஆங்கிலத்தை மட்டும் சுற்றுக்கு விட்டார். கெடுவைத் தள்ள அவருக்கு வழியில்லை.

படியிறங்கும்போது பிரஸ்ஸோ என்னிடம் கேட்டார்: "தன் கல்யாணத்துக்கே பத்திரிகை அடிக்கமாட்டேன்னு நிக்கிற மாப்பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கியா?" பார்த்ததில்லை என்றேன்.

அந்த வியாழன் விண்ணேற்றத் திருநாள். பிரெஞ்சுக்காரர்கள் அப்படி ஒரு வியாழன் கிடைத்தால் வெள்ளிக்கும் விடுப்பெடுத்துப் பாலம் போட்டு ஞாயிறுவரை நடந்து போய்விடுவார்கள். பாரிஸில் அமைச்சகம் பூட்டியிருக்கும். தூதர் மலைப்பக்கம் இருக்கும் தன் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டார். பால நாட்களில் அவர் தொலைபேசியைத் தொடுவதில்லை என்பது ஊரறிந்தது. தூதுக் குழு அலுவலகத்தில் ஓரியான் மட்டும் தனியாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் இருக்கும். வேறு வேலையாக பிரஸ்ஸோவும் நானும் ஷஸ்தேலின் அறையில் இருந்தோம். அவர் புது டை கட்டியிருந்தார். தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டார்.

"மொசியே ஷஸ்தேல், ஓரியான் பேசறேன். ஒரு நல்ல சேதி. இப்பத்தான் மௌனத்தை உடைச்சேன்."

அவர் டையின் முடிச்சைச் சரிசெய்தார்.

"திங்கக்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ஆங்கிலம் மட்டும். வெள்ளி வரைக்கும் காத்திருந்தேன், நம்ம மொழியில வரவேயில்ல. எழுதி அனுப்பிட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே, அதே வார்த்தை."

"எதைப் பத்தின சுற்றறிக்கை?" குரல் நன்றாகத்தான் இருந்தது. பிடரி மட்டும் சிவந்திருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் படிக்கலையே."

அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். நல்ல மாணவி.

திரும்பப் பெற முடியுமா என்று, ஏதோ நடைமுறைச் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். ஆட்சேபிக்க அவளுக்கு அதிகாரம் உண்டு; திரும்பப் பெறத் தூதர் கையெழுத்து வேண்டும். அந்த விதியையும் அந்தக் காலத்தில் ஷஸ்தேல்தான் எழுதிக்கொடுத்தாராம், இளைஞர்கள் மிரட்டலுக்குப் பணிந்துவிடக் கூடாது என்று. அவளே அதை மரியாதையாக நினைவூட்டினாள். "பிரமாதம், மத்மொசேல்" என்று சொல்லி வைத்தார். உடனே பண்ணை வீட்டுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் அவைத் தலைவர் அறைக்கு நடந்தார். தட்டச்சு செய்ய ஆள் வேண்டியிருக்கும் என்று பிரஸ்ஸோ என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஹால்வோர்சன் ஆங்கிலத்தில் கேட்பார், ஷஸ்தேல் பிரெஞ்சில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். ஷஸ்தேல், இந்த ஆட்சேபம் விஷயத்தைப் பற்றியதல்ல, வடிவத்தைப் பற்றியது மட்டுமே, வடிவத்துக்காக ஒரு நியமனத்தை நிறுத்துவது அமைப்பின் நலனுக்கு உகந்ததா என்று ஆரம்பித்தார். இதே அறையில் இதே கேள்வியைக் கேட்ட எத்தனையோ பேரை அவர் ஊமையாக்கி அனுப்பியிருக்கிறார். ஹால்வோர்சன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அவரைத் தலைவராக்கினார்கள்.

"வழி இருக்கு," என்றார் ஹால்வோர்சன். "இது செல்லுபடியாகறதுக்குப் பிரெஞ்சுப் பிரதி அவசியமில்லன்னு பிரெஞ்சுக்குப் பொறுப்பான அதிகாரி எழுதிக் கொடுத்தா, ஆட்சேபம் தானா விழுந்துடும். உங்க விதிப்படி அந்த அதிகாரி நீங்க. பன்னெண்டுக்குள்ள கொடுத்தீங்கன்னா முடிஞ்சுது."

ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி, பேனாவையும் சேர்த்து நீட்டினார்.

ஷஸ்தேல் பேனாவை வாங்கிக்கொண்டார். காகிதத்தைப் பார்த்தார். மதாம் ஷஸ்தேல் அளந்துவைத்த ஜன்னல்கள் அந்த நேரம் அவர் மனதில் இருந்தனவா, சொல்லத் தெரியவில்லை.

"எழுதித் தரேன்," என்றார். "ஆனா ஆங்கிலத்துல போட முடியாது. பிரெஞ்சுல எழுதினா போடறேன்."

பிரெஞ்சு தேவையில்லை என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்லுவார். பிரஸ்ஸோ என்னைப் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஹால்வோர்சனின் வரியை அப்படியே பெயர்த்தேன்: இந்தச் சுற்றறிக்கை செல்லுபடியாவதற்குப் பிரெஞ்சுப் பிரதி தேவையில்லை. ஒரு நிமிட வேலை. அச்செடுத்துக் கொடுத்தோம். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

'தேவையில்லை' என்பது முரட்டுத்தனமாக இருக்கிறது என்றார். 'உடனடியாகத் தேவையில்லை' என்று மாற்றினார். மறுபடி அச்செடுத்தேன். 'உடனடியாகத் தேவைப்படாமலும் இருக்கலாம்' என்று மாற்றினார். மறுபடி அச்செடுத்தேன். 'விதிவிலக்கான இச்சூழ்நிலையில்' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தார். அந்தச் சூழ்நிலை எது என்று சொல்லாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று இன்னொரு துணை வாக்கியம் போட்டார். அவருடைய கை அப்படியே ஓடியது, தடுமாறவே இல்லை.

பிரஸ்ஸோ அருகில் போய், முதல்முறையாகக் கேலியில்லாமல் பேசினார்.

"மொசியே, அந்த 'தேவையில்லை'ய மட்டும் விட்டுடுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"இது இப்படியே வெளிய போனா, நாளைக்கு எல்லாரும் இதையே தூக்கிக் காட்டுவாங்க மதாம்."

"காட்டட்டுமே. நாளைக்கு நீங்கதானே தலைமைச் செயலர்."

"அந்த நாற்காலியில உக்காந்து நானே அதைப் பாக்கணுமே," என்றார் ஷஸ்தேல். நிமிரவில்லை.

கடைசியாக ஒன்று சேர்த்தார்: 'இரு மொழிகளின் சம மதிப்புக்கும், பிரெஞ்சுப் பிரதியின் இன்றியமையாத தன்மைக்கும் எவ்விதக் குறைவும் நேராத வகையில்.' அதைப் படித்துப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. பனி அள்ளும் விளக்குக் கூட்டத்தில் மேலங்கிக்குள் உட்கார்ந்திருந்தபோதும் அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும். அழகான வாக்கியம். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே சுருக்கொப்பமும் போட்டார்.

ஹால்வோர்சன் நிதானமாகப் படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார்.

"இதுல பிரெஞ்சுப் பிரதி வேணும்னுதானே இருக்கு?"

ஷஸ்தேல் வாங்கிப் பார்த்தார். இருந்தது.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டிருந்தது. ஹால்வோர்சன் எழுந்து, மௌனம் உடைந்ததாகக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். ஷஸ்தேல் தலையசைத்தார். எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்வதில்லை. பன்னிரண்டு மணி என்றால் சாப்பாடு. நாங்கள் நால்வரும் கீழே உணவுக்கூடத்துக்கு இறங்கினோம், மாடிப்படியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மீன். ஷஸ்தேல் ஏரியைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, துடைக்கும் துணியை மடியில் விரித்து, ரொட்டியைப் பிய்த்தார். நவம்பரில் அந்தப் பதவிக்குப் போர்ச்சுகல்காரர் ஒருவர் வந்தார். இரண்டு மொழியையும் ஒரே மாதிரி கொலை செய்வார் என்பதால் இரண்டு தரப்புக்கும் அவர் மேல் புகாரில்லை. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் தனக்கு வராது என்பது மட்டும் ஷஸ்தேலுக்குத் தெரியும். சுவர்ப் பக்கத்து மேசையிலிருந்து பிரஸ்ஸோவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓரியான் வந்தாள். பால நாளில் தூதுக் குழுவின் சமையலறை மூடியிருக்கும். சாப்பிட எங்கள் கூடத்துக்குத்தான் வரவேண்டும். தட்டோடு நேராக அவர் மேசைக்குப் போய் நின்றாள். கன்னமெல்லாம் சிவந்து, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். திங்கட்கிழமையே பாரிஸுக்குத் தகவல் அனுப்பப் போவதாகவும், அதில் அவருடைய பயிற்சியைக் குறிப்பிடலாமா என்றும் கேட்டாள். தாராளமாக என்றார். அவளுடைய கோப்பையில் ஒயின் ஊற்றினார்.

"ஒண்ணு மட்டும் கேக்கலாமா மொசியே," என்றாள். "அந்தச் சுற்றறிக்கை எதைப் பத்தினது? இப்பத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மீனிலிருந்து முள்ளைப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"ஏதோ ஆள் நியமனம். முக்கியமில்ல," என்றார். "மீன் ஆறிடும், சாப்பிடுங்க."